வெந்நீர்க் குழாயும் தேவதாரு வீடும்

முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலையூர்களில் சுற்றுவது கல்லூரிப் பிள்ளைகளின் வேலை என்றுதான் அறுபத்து மூன்று வயது வரை எண்ணியிருந்தேன். போன ஐப்பசியில் என் மகள் தன்னுடைய முதுகுப் பையை என்னிடம் நீட்டி, "ஆபீசில் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நீங்களாவது போய்விட்டு வாருங்கள் அப்பா" என்றாள். என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் நான் கிளம்பியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இது பயணக் கட்டுரை அன்று. நமது சங்கம் கோடைதோறும் நடத்துகிற மலைச் சுற்றுலாவைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அதற்கு அந்த ஒரு நாளின் கதையைச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

தில்லி காஷ்மீரி கேட்டில் மாலையில் பஸ் ஏறினால் மறுநாள் விடியலில் குல்லுப் பள்ளத்தாக்கு. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் மணாலிக்குப் போகிறவர்கள். நான் ஒருவன் மட்டும் பதினைந்து கிலோமீட்டருக்கு முன்னதாகவே பத்லிகூல் என்ற இடத்தில் இறங்கியபோது கண்டக்டர் என்னை ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்தார். பியாஸ் ஆற்றின் பாலத்தைத் தாண்டி, உள்ளூர்ப் பேருந்தில் பள்ளிப் பிள்ளைகளோடும் பால் கேன்களோடும் ஏறி நக்கர் போய்ச் சேர்ந்தேன். சுமார் 1,800 மீட்டர் உயரம். தேவதாரு மரங்களும் ஆப்பிள் தோட்டங்களும் சூழ்ந்த சிறிய ஊர். கடைத்தெருவை ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் குல்லு அரசர்களுக்குப் பல நூற்றாண்டுகள் தலைநகராக இருந்த இடம். பதினேழாம் நூற்றாண்டில்தான் தலைநகரம் கீழே குல்லுவுக்கு இறங்கியது.

நான் அங்கே போன காரணம் அரண்மனை. 1460ஐ ஒட்டி ராஜா சித்த சிங் கட்டியது என்பார்கள். அரண்மனை என்றதும் மைசூரையோ தஞ்சாவூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஒரு பெரிய பண்ணையார் வீடு போல இருக்கிறது. சுற்றிலும் மரத் தாழ்வாரம், நடுவே முற்றம். முற்றத்தை ஒட்டிய சிறு கோயிலில் ஒரு பாறைப் பலகை. தேவர்கள் தேனீக்களாக மாறி அதைத் தூக்கி வந்தார்களாம். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த அரண்மனை ஒரு துப்பாக்கிக்கு ஈடாகக் கைமாறியது என்றும் ஒரு கதை உண்டு. அதை நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

நான் பார்த்து நின்றது சுவரை. ஒரு வரிசை தேவதாரு உத்தரம், அதன்மேல் ஒரு வரிசைக் கல், மறுபடியும் உத்தரம், மறுபடியும் கல். இப்படியே கூரை வரை. சாந்து கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. மூலையில் இரண்டு பக்கத்து உத்தரங்களும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மேலேறுகின்றன. 'காட்குனி' என்று இதற்குப் பெயர். காட் என்றால் மரம், குனி என்றால் மூலை. உச்சியில் கனமான பலகைக்கல் கூரை, மொத்தச் சுவரையும் மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்கிறது.

1905 ஏப்ரல் 4ஆம் தேதி காங்ராவில் ஏற்பட்ட பூகம்பத்தில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டார்கள். குல்லுவிலும் வீடுகள் ஏராளமாக விழுந்தன. இந்த அரண்மனை நின்றது. காரணம் ஒன்றும் மந்திரமன்று. சாந்து போட்டு இறுக்கிய சுவர் குலுங்கும்போது விரிசல் விட்டுப் பிளக்கிறது. இங்கே கல்லை எதுவும் ஒட்டிவைக்கவில்லை. நிலம் அசையும்போது கற்கள் தமக்குள் சற்றே உராய்ந்து நகர்ந்து கொடுக்கின்றன. அவை வெளியே சரிந்துவிடாமல் உத்தரங்கள் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. பொறியியல் பட்டம் பெறாத ஒரு தச்சன் கண்டுபிடித்த வழி. நாற்பது ஆண்டுகள் மத்திய அரசின் கட்டுமானக் கோப்புகளைப் புரட்டியவன் நான்; ஒரு கோப்பிலாவது இதைப் பற்றி ஒரு வரி படித்ததாக நினைவில்லை.

அரண்மனையிலிருந்து மேலே ஏறினால் ரஷ்ய ஓவியர் நிக்கலஸ் ரோரிக்கின் வீடு. 1928இல் இங்கே குடியேறி, 1947 டிசம்பரில் இங்கேயே காலமானார். இமயமலையை இவ்வளவு நீலமாகவும் ஊதாவாகவும் தீட்டினாரே, கற்பனையோ என்று நினைத்திருந்தேன். வாசலில் நின்று எதிர்மலையைப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. அவருடைய மகன் ஸ்வெதஸ்லாவை மணந்தவர்தான் தேவிகா ராணி, தாதா சாகிப் பால்கே விருதை முதலில் பெற்ற நடிகை. போரிலும் அமைதியிலும் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க வேண்டும் என்று ரோரிக் இடைவிடாமல் பாடுபட்டதன் பலனாக 1935இல் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கையே கையெழுத்தாயிற்று. அந்த வீட்டுக்குப் போகும் வழியின் இரு பக்கமும் இன்று சிமெண்டு கலவை இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அங்கிருந்து ரும்சூ கிராமம். இளைஞர்களுக்கு ஒன்றேகால் மணி நேர நடை. எனக்கு இரண்டேகால் மணி ஆயிற்று. சந்திரகானி கணவாய்க்கு ஏறுகிற வழியில் இதுதான் கடைசி ஊர். ஜம்லு என்னும் தெய்வம் மற்றத் தெய்வங்களையெல்லாம் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு அந்தக் கணவாயைக் கடந்தபோது பெருங்காற்று அடித்துக் கூடை கவிழ்ந்து, தெய்வங்கள் பள்ளத்தாக்கெங்கும் சிதறிவிட்டனவாம். அதனால்தான் குல்லுவில் ஊருக்கு ஊர் ஒரு தெய்வம். நம் பக்கத்து அய்யனாரும் காத்தவராயனும் நினைவுக்கு வந்தார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது நிறம். பலகைக்கல் கூரைகளின்மேல் மக்காச்சோளக் கதிர்கள் காய்ந்துகொண்டிருந்தன, மஞ்சளும் ஆரஞ்சுமாக. கீழ்த்தளத்தில் மாடு, நடுவில் தானியம், மேலே மனிதர்கள். மாட்டின் மூச்சுச் சூடு மேல்மாடிக் குளிரைக் குறைக்கிறது. பெண்கள் உடுத்தியிருந்த கம்பளி ஆடைக்குப் 'பட்டு' என்று பெயர் சொன்னார்கள். பட்டா? எங்கள் ஊரில் பட்டு என்றால் கல்யாணத்துக்குக் கட்டுவது என்றேன். இங்கேயும் கல்யாணத்துக்குக் கட்டுவோம் என்றார் ஓர் அம்மாள்.

அந்த அம்மாள்தான் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டவர். என்னைவிடச் சில வயது குறைந்தவராக இருக்கலாம். முதுகில் கூம்புக் கூடை நிறையப் புல். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, "பாயி சாகிப், பையை இறக்கி வையுங்கள். நானே இறக்கி வைத்துவிட்டேன், உங்களுக்கென்ன?" என்றார். தேநீரோடு சித்து வந்தது. மாவைப் புளிக்கவைத்து, உள்ளே அக்ரூட் பூரணம் வைத்து, ஆவியில் வேகவைத்த பண்டம். மேலே நெய். நம் கொழுக்கட்டைக்கு மலைநாட்டு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதை மரியாதைக்காக மறுத்தேன். இன்றைக்கும் அந்த வருத்தம் இருக்கிறது.

அவர் வீடு முழுக்க முழுக்க மரமும் கல்லும். தாத்தாவுக்குத் தாத்தா கட்டியது என்றார். அதை ஒட்டியே ஒரு புதுக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தூண்கள், இரண்டு தளம் முடிந்து, மூன்றாவது தளத்துக்காக இரும்புக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. அவருடைய மகன் கட்டுகிறான். முப்பதுக்குள் இருக்கும், படித்த பையன்.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நகரவாசிகளுக்கே உரிய புத்தி. "இவ்வளவு அருமையான வீட்டை வைத்துக்கொண்டு எதற்கப்பா இந்தச் சிமெண்டுப் பெட்டி? பூகம்பம் வந்தால் எது நிற்கும் என்று உனக்குத் தெரியாதா?" என்று உபதேசம் செய்தேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "அங்கிள்ஜி, இன்று ராத்திரி எங்கே தங்குகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டான்.

நக்கருக்குக் கீழே, சாலையோரம் இருக்கிற நான்கு மாடி விடுதியில் அறை எடுத்திருந்தேன். கீசர், அறையோடு சேர்ந்த குளியலறை, விசாலமான கார் நிறுத்துமிடம். எனக்குக் காரே கிடையாது. இருந்தாலும் அந்த வசதி இருக்கிறதா என்று போனில் கேட்டிருந்தேன்! உண்மையைச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "மரவீட்டைப் படம் எடுக்க எல்லோரும் வருகிறார்கள். தங்குவதற்கு யாரும் வருவதில்லை" என்றான்.

பிறகு அவன் சொன்ன கணக்கு வேறு. வீடு கட்ட ஊர்க்காரர்கள் அரசுக் காட்டிலிருந்து சலுகை விலையில் மரம் பெறுவது வழிவழியாக வந்த உரிமை. காடு குறையக் குறைய விதிகள் இறுகிவிட்டன. வெளியில் தேவதாரு வாங்குவது கட்டுப்படியாகாது. உத்தரத்தை மூலையில் பூட்டத் தெரிந்த தச்சர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். சிமெண்டு மூட்டையோ போன் போட்டால் லாரியில் வந்துவிடும். வங்கிக்காரரும் கான்கிரீட் என்றால் யோசிக்காமல் கடன் கொடுக்கிறார். அவன் தாயார் இன்னொன்று சேர்த்தார்: பழைய வீட்டில் சன்னல் சின்னது, பகலிலும் இருட்டு, குனிந்து நடந்தே இடுப்பு போய்விட்டது.

அதன் பிறகு அந்த அம்மாள் சாதாரணமாகக் கேட்டார்: "உங்கள் தாத்தா கட்டிய வீடு ஊரில் இருக்கிறதா?"

இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடுமாக இருந்த வீட்டை 1994இல் இடித்தோம். அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு. தேக்குத் தூண்களை ஒரு வியாபாரி வந்து எடுத்துக்கொண்டு போனார். அந்த இடத்தில் நிற்கிற கான்கிரீட் வீட்டில் சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாமல் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. இதையெல்லாம் ஹிந்தியில் விளக்க எனக்குத் தெம்பில்லை. "இல்லை மாஜி" என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

இறங்கி வரும் வழியெல்லாம் இதே யோசனைதான். இமாசலத்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி விவசாயி அல்லாத வெளியாள் அரசின் அனுமதியில்லாமல் நிலம் வாங்க முடியாது. நல்ல சட்டம். மண் அவர்களுடையதாகவே இருக்கிறது. ஆனால் அந்த மண்ணின் மேல் என்ன எழும்ப வேண்டும் என்பதை நாம் தில்லியிலும் சண்டிகரிலும் இருந்துகொண்டு போனில் தீர்மானிக்கிறோம். கீசர் இருக்கிறதா, பார்க்கிங் இருக்கிறதா, ஆற்றைப் பார்த்த பால்கனி உண்டா என்று நாம் கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் அங்கே ஒரு தூண் எழும்புகிறது.

என் பங்கை ஒளிக்க விரும்பவில்லை. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நமது சங்கத்திலிருந்து நாற்பத்திரண்டு பேர் மணாலி போனோம் அல்லவா? அப்போது நாம் தங்கிய விடுதியை இதே இதழில் புகழ்ந்து எழுதியவன் நான்தான். பால்கனியில் நின்று கையை நீட்டினால் பியாஸைத் தொட்டுவிடலாம் போலிருக்கிறது என்று எழுதினேன். பலர் படித்துவிட்டு விலாசம் கேட்டார்கள். மறு ஆண்டு 2023 ஜூலை 9, 10 தேதிகளில் பெய்த பேய்மழையில் பியாஸ் தன் பழைய தடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. மணாலிச் சாலை பல இடங்களில் காணாமல் போயிற்று. அந்த விடுதியின் ஆற்றங்கரைச் சுவரும் தோட்டமும் போய்விட்டன என்று பின்னர் தெரிந்தது. ஆள் சேதமில்லை, அது விடுதியைக் கட்டியவரின் புத்திசாலித்தனத்தால் அன்று. அதே ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி, அதே குல்லு மாவட்டத்தில் ஆனி என்ற சிற்றூரில் பல மாடிக் கட்டிடங்கள் வரிசையாகச் சரிந்து விழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். விரிசல் கண்டு முன்பே ஆட்களை வெளியேற்றியிருந்ததால் உயிர்கள் தப்பின. 2025 ஆகஸ்டிலும் மணாலியில் பியாஸ் பெருகிக் கரையோரக் கட்டிடங்களைக் கொண்டுபோயிற்று. 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதிலிருந்து அந்த ஒடுங்கிய பள்ளத்தாக்கின் வழியே வருகிற வண்டிகளுக்குக் கணக்கேயில்லை. மழையை நாம் நிறுத்த முடியாது. ஆற்றின் படுக்கையில் நமக்காக ஒருவர் அறை கட்டிவைப்பதை நிறுத்தலாம். அந்த அறையை நாம் கேட்காமல் இருந்தால் போதும்.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "உமக்கென்ன, ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஞானம் பெற்று வந்துவிட்டீர். மாமியார் மூட்டுவலிக்கு வெந்நீர் வேண்டாமா? மரவீடு தீப்பிடித்தால்?" என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். சந்திரகானிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலாணா கிராமத்தில் 2008 ஜனவரியில் பிடித்த தீயில் நூற்றாண்டுப் பழமையான வீடுகள் ஏராளமாகச் சாம்பலாயின. மரம் பூகம்பத்துக்கு நண்பன், நெருப்புக்கு அல்ல. அதை மறைத்துக்கொண்டு மரவீட்டுக்குத் தோத்திரம் பாடுவது நேர்மையாகாது. ஆனால் கான்கிரீட்டுக்கு உள்ள ஆபத்தை மட்டும் நாம் ஆபத்தாகவே எண்ணுவதில்லையே, ஏன்?

வெந்நீருக்கு வழி இருக்கிறது. ரும்சூவிலேயே அந்த அம்மாள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒருவர் பழைய வீட்டைத் தொடாமல், பின்பக்கத்தில் தனியாகக் கழிப்பறையும் குளியலறையும் கட்டி, கூரையில் சூரிய வெந்நீர்க் கலமும் வைத்திருந்தார். சன்னலைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே போய்ப் பார்த்தேன்; தலை நிமிர்ந்து நிற்கலாம், புத்தகம் படிக்கலாம். மூன்று அறை வாடகைக்கு விடுகிறார். "ஆள் வருகிறார்களா?" என்று கேட்டேன். முதுகுப் பைக்காரப் பிள்ளைகள் வருகிறார்கள், குடும்பங்கள் வருவதில்லை என்றார். அந்தப் பிள்ளைகளும் எல்லோரும் உத்தமர்கள் அல்லர். காலி நூடுல்ஸ் பொட்டலங்களைப் பாதையோரம் எறிந்துவிட்டுப் போகிறவர்களும், அந்தப் பள்ளத்தாக்குக்குக் கஞ்சாவுக்காகவே வருகிறவர்களும் அவர்களில் உண்டு. எனினும் அந்த மூன்று அறைகளையும், அவற்றோடு அந்த வீட்டையும் இன்றைக்கு நிற்க வைத்திருப்பது அவர்கள் கொடுக்கிற வாடகைதான்.

ஆகவே செயற்குழுவுக்கு என் யோசனை இது. வருகிற கோடையில் நாற்பது பேருக்கு ஒரே விடுதி என்று தேட வேண்டாம். அப்படித் தேடினால் கிடைப்பது நான்கு மாடிக் கட்டிடமாகத்தான் இருக்கும். நாற்பது பேரைத் தாங்குகிற மரவீடு எந்த மலையிலும் கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேராகப் பிரிந்து, வெவ்வேறு வாரங்களில், அரசுப் பேருந்தில் போவோம். பழைய வீட்டில் அறை விடுகிறவர்களிடம் தங்குவோம். நம்மவர்கள் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர்கள். இந்த ஒரு விஷயத்தில் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டுக் கேட்கிற வாடகையைக் கொடுப்போம். தச்சருக்குக் கூலி அதிலிருந்துதான் வர வேண்டும். சமையல்காரரையும் இட்லிப் பானையையும் கூடவே அழைத்துப் போகிற வழக்கத்தையும் இரண்டு நாளைக்கு நிறுத்திவைக்கலாம். ராஜ்மா, அரிசிச் சோறு, சித்து, நெய் ஆகியவை ஒரு தமிழ் வயிற்றுக்கும் தீங்கு செய்ததாகத் தகவல் இல்லை. ரசப்பொடி வேண்டுமானால் ஒரு பொட்டலம் கொண்டுபோகட்டும், நானும் கொண்டுபோனேன்.

ரும்சூப் பையன் கட்டுகிற வீட்டில் மூன்றாவது மாடிக்கான கம்பிகள் இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. பணம் சேர்ந்ததும் மேலே போடுவதாகச் சொன்னான். பழைய வீட்டை என்ன செய்வாய் என்று கேட்டேன். அம்மா இருக்கும் வரை இருக்கும் என்றான். நாம் போவதென்றால் அடுத்த கோடையே போக வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் பொங்கல் விழாவன்று என்னைச் சந்திக்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் தயங்க வேண்டாம். ரும்சூ வரை ஜீப் ஓடுகிற சாலை இருக்கிறது என்பது நான் நடந்து ஏறி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.